வேக் வேர்ட்: வெள்ளிக்கிழமைக்குள் ஒரு சொல் வேண்டும்

கோவையிலிருந்து மொழிபெயர்ப்பாளர்:

அனைவருக்கும் வணக்கம். மாற்றுத்திறனாளிகளான தாய் தந்தையர் வீட்டில் குரலால் இயங்கும் கருவிகளைப் பயன்படுத்துவது பற்றிய சிறு கையேடு ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை காலை அச்சகத்துக்குப் போயாக வேண்டும்.

பக்கத்துக்கு இரண்டு முறையாவது 'வேக் வேர்ட்' வருகிறது. கருவி நம் பேச்சைக் கவனிப்பதற்காக 'அலெக்ஸா', 'ஓகே கூகுள்' என்று முதலில் சொல்கிறோமே, அதுதான். எழுப்புச்சொல், விழிப்புச்சொல் என்று இரண்டை எழுதிப் பார்த்தேன். இரண்டும் ஒட்டவில்லை. வாய்ஸ் அசிஸ்டன்டுக்குக் 'குரல் உதவியாளர்' என்று போட்டுவிட்டேன், அதில் யாருக்கும் மறுப்பு இருக்காது என நம்புகிறேன்.

தஞ்சாவூரிலிருந்து ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

சொல் தேடி அலைய வேண்டியதில்லை. தொல்காப்பியர் புறத்திணையியலில் 'சூதர் ஏத்திய துயிலெடை நிலை' என்று ஒரு துறையே வகுத்திருக்கிறார். உறங்கும் வேந்தனைப் புகழ்பாடி எழுப்புவது அது. அந்த மரபுதான் பின்னாளில் திருப்பள்ளியெழுச்சியாயிற்று. தொண்டரடிப்பொடியாழ்வார் அரங்கனை எழுப்பினார், மாணிக்கவாசகர் திருப்பெருந்துறைச் சிவனை எழுப்பினார். எடுத்தல் என்பதற்கு எழுப்புதல் என்ற பொருள் அன்றே உண்டு. ஆகவே 'துயிலெடைச் சொல்'. இரண்டாயிரம் ஆண்டுச் சொல் கையில் இருக்கும்போது எழுப்புச்சொல், விழிப்புச்சொல் என்று ஏன் ஒட்டுப்போட வேண்டும்?

சென்னையிலிருந்து மென்பொருள் பொறியாளர்:

ஐயா, சொல் அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தப் பெட்டி தூங்குவதே இல்லை. அதற்குள் ஒரு சிறு சில்லு எந்நேரமும் காதைத் தீட்டிக்கொண்டிருக்கிறது. கடைசிச் சில நொடிகளின் ஒலியை நினைவில் வைத்து, அதன்மேலேயே புதியதை எழுதிக்கொண்டு போகும். தனக்குப் பழக்கிய ஒலி வந்ததாகத் தோன்றினால் விளக்கு எரியும். அதற்குப் பிறகு பேசுவதுதான் பொதுவாக இணையம் வழியே நிறுவனத்தின் கணினிக்குப் போகிறது. தொலைக்காட்சியில் யாரோ எதையோ சொன்னாலும் சில சமயம் எரிந்து தொலைக்கும்.

எழுப்பு, விழிப்பு, துயில் என்று எதைப் போட்டாலும், மற்ற நேரத்தில் அதற்குக் காது கேட்காது என்று வாசகர் நினைத்துக்கொள்வார். படுக்கையிலேயே உடை மாற்றிவிடப்படும் ஒருவருடைய அறையில் இருக்கப்போகும் கருவி இது. ஆங்கிலத்தில் தவறாகப் பெயர் வைத்துவிட்டார்கள் என்பதற்காக நாமும் அதையே செய்ய வேண்டுமா?

தஞ்சாவூரிலிருந்து தமிழாசிரியர்:

> அந்தப் பெட்டி தூங்குவதே இல்லை

தம்பி, நீங்கள் சொல்வது அப்படியே அறிதுயில்! கண் மூடியிருக்கும், அறிவு விழித்திருக்கும். அரங்கனும் அப்படித்தான் கிடக்கிறான். அவனுக்கே பள்ளியெழுச்சி பாடலாம் என்றால் உங்கள் பெட்டிக்கு மட்டும் ஏன் கூடாது?

நாகர்கோவிலிலிருந்து அச்சுப்பிழை திருத்துநர்:

துயிலெடை என்றால் தூக்கத்தை நிறுக்கும் தராசு என்றுதான் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் நினைப்பார்கள்.

என் பரிந்துரை 'விளிச்சொல்'. தொல்காப்பியத்துக்குத்தான் போக வேண்டுமென்றால் சொல்லதிகாரத்தில் விளிமரபு என்று ஓர் இயலே இருக்கிறது. எட்டாம் வேற்றுமை. ஒருவரை நம் பக்கம் திருப்புவதற்காகப் பெயரைச் சொல்லுகிறோம், அவ்வளவுதான் இந்தக் கருவியிலும் நடக்கிறது. எங்கள் ஊரில் 'அவனை விளி' என்று இன்றைக்கும் தெருவில் பேசுகிறோம். மலையாளம் என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். அவர்களிடமும் இருக்கிறது, நம்மிடமும் இருக்கிறது.

தஞ்சாவூரிலிருந்து தமிழாசிரியர்:

விளிமரபை நினைவூட்டியதற்கு நன்றி, அதைச் சொல்லாமல் விட்டேனே என்று நாக்கைக் கடித்துக்கொண்டேன். ஆனால் விளிதல் என்றால் சாதல் என்றும் பொருள். 'விளிந்தாரின் வேறல்லர்' என்கிறார் வள்ளுவர். அதே அதிகாரத்தில் 'விளியாது நிற்கும் பழி' என்றும் வருகிறது. கைகால் இயங்காதவர் வீட்டுக்குப் போகும் நூலில் இந்தச் சொல்லா?

விளிமரபில் இன்னொரு நயம் இருக்கிறது. அஃறிணைப் பெயரை விளிக்க வேண்டி வந்தால் ஏகாரம் பெறும் என்கிறார். கிளியே, நெஞ்சே, கடலே. ஆகவே பெட்டியை அழைப்பதானால் முறைப்படி 'பெட்டியே!' தொலைவில் இருப்பவரை அழைக்கும்போது, எல்லாப் பெயரும் தம் மாத்திரை கடந்து நீண்டு ஒலிக்கும்:

'உளவெனப் பட்ட எல்லாப் பெயரும்
அளபிறந் தனவே விளிக்குங் காலைச்
சேய்மையின் இசைக்கும் வழக்கத் தான'

அடுக்களையில் இருக்கும் கருவியைக் கூடத்திலிருந்து அழைக்கும் காட்சி அப்படியே இந்த நூற்பாவில் இருக்கிறது. இதைக் கையேட்டின் முகப்பில் போடலாம்.

சேலத்திலிருந்து ஒரு தாய்:

வணக்கம். இந்தக் குழுவில் பெரும்பாலும் படிப்பதோடு நிறுத்திக்கொள்பவள் நான். கழுத்துத் தண்டுவடத்தில் அடிபட்டதால் கைகளில் பிடிமானம் இல்லை, நடையும் இல்லை. நான்கு வயதில் மகள் இருக்கிறாள். இந்தக் கையேடு யாருக்காகவோ, அவர்களில் ஒருத்தி.

ஐயா காட்டிய நூற்பாவை மிகவும் ரசித்தேன். ஆனால் மாத்திரை கடந்து நீட்டுவதற்கு மூச்சு வேண்டும். எனக்கு விலா எலும்புகளுக்கு இடையில் உள்ள தசைகள் வேலை செய்வதில்லை, வயிற்றுத் தசைகளும் இல்லை, உதரவிதானம் ஒன்றுதான். படுத்திருக்கும்போது குரல் கொஞ்சம் எழும்பும். சக்கர நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தால் வயிறு முன்னால் தொங்கி மூச்சு குறைந்துவிடும். பார்ப்பவர்கள் இதைத் தலைகீழாக நினைத்துக்கொள்கிறார்கள். வயிற்றுப் பட்டையை இறுக்கிக் கட்டினால் குரல் ஓரளவு திரும்பும். கையேட்டில் 'உரக்கச் சொல்லுங்கள்' என்று இருந்தால் தயவுசெய்து எடுத்துவிட்டு, பெட்டியை ஆள் இருக்கும் இடத்துக்குப் பக்கத்தில் வைக்கச் சொல்லுங்கள்.

இரண்டாவது, 'குரல் உதவியாளர்'. எங்கள் வீட்டில் உதவியாளர் என்றால் காலையில் வந்து என்னைக் குளிப்பாட்டி நாற்காலியில் உட்கார வைக்கும் அக்கா. அவருக்குச் சம்பளம் கொடுக்கிறோம், தீபாவளிக்குப் புடவை எடுக்கிறோம். உங்கள் மொழிபெயர்ப்பில் 'உதவியாளர் இல்லாத நேரத்தில் உதவியாளரைப் பயன்படுத்துங்கள்' என்று ஒரு வரி வந்தே தீரும். போய்ப் பாருங்கள்.

கோவையிலிருந்து மொழிபெயர்ப்பாளர்:

பார்த்தேன். ஏறக்குறைய அதே வரி ஏழாம் பக்கத்தில் இருக்கிறது.

சென்னையிலிருந்து மென்பொருள் பொறியாளர்:

'ஏவலர்' என்று வைக்கலாமா? நாம் ஏவுவதை அது செய்கிறது.

நாகர்கோவிலிலிருந்து அச்சுப்பிழை திருத்துநர்:

பண்ணையார் காலத்துச் சொல். வேண்டாம். 'அர்' விகுதி போட்டு ஒரு பெட்டியை உயர்திணையாக்கும் வழக்கமே எனக்குப் பிடிக்கவில்லை. 'குரல் உதவி' போதும். 'குரல் உதவியிடம் சொல்லுங்கள்' என்று எழுதினால் உலகம் இடிந்துவிடாது.

தஞ்சாவூரிலிருந்து தமிழாசிரியர்:

ஏவலர் வேண்டாம் என்பதில் எனக்கும் உடன்பாடே. ஆனால் ஏவலைப் பற்றி ஒரு வார்த்தை. கருவியிடம் பேசுவதெல்லாம் ஏவல் ஒருமைதான்: போடு, நிறுத்து, சொல். 'போடுங்கள்' என்று யாரும் சொல்வதில்லை. இதைக் கேட்டு வளரும் குழந்தை பெரியவர்களிடம் எப்படிப் பேசும் என்பதையும் கையேடு கவனிக்க வேண்டும்.

சேலத்திலிருந்து ஒரு தாய்:

எங்கள் பெட்டிக்குத் தமிழ் தெரியாது ஐயா, அதனால் ஏவல் ஒருமைக்கே வழியில்லை. என் மகள் பாட்டியிடம் கையை நீட்டி 'பாட்டி, ஸ்டாப்' என்கிறாள். பாட்டி கதை சொல்வதை நிறுத்தவில்லை என்றால் சத்தமாக இன்னொரு முறை. பாட்டிக்கு விளக்கு எரியவில்லை என்பதுதான் அவள் குறை.

கிண்டல் இருக்கட்டும். குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் மருந்து கொடுத்த நேரத்தை அதனிடம் சொல்லி வைப்பேன். எழுதி வைக்க என்னால் முடியாது. அடுத்த வேளைக்கு மணி அடிக்கும். இரவில் அவள் அழுதால் என் கணவர் எழுந்து வருவதற்குள் விளக்கையாவது என்னால் போட முடிகிறது. அவள் அப்பாவைக் கூப்பிடாமல் என்னைக் கூப்பிடுகிறாள் என்றால் அதற்கு இந்த விளக்கும் ஒரு காரணம். அதனால் சொல்லும் எளிதாக இருக்க வேண்டும்.

நாங்கள் வீட்டில் கேட்பது இப்படித்தான்: 'அதைக் கூப்பிடும் பெயர் என்ன?' பள்ளிக்கூடத்தில் ஒரு பெயர், வீட்டில் கூப்பிடும் பெயர் ஒன்று என்று எல்லா வீட்டிலும் உண்டல்லவா? 'கூப்பிடும் பெயர்' என்றே போட்டால் என்ன?

யாழ்ப்பாணத்திலிருந்து ஆசிரியை:

நான் இதற்கு வாக்களிக்கிறேன். கூப்பிடு என்றால் இங்கேயும் குழந்தைக்கும் விளங்கும். விளி என்றால் இலக்கண வகுப்பில் மட்டும்தான் விளங்கும், அதுவும் பரீட்சை வரைக்கும். எங்கள் பக்கம் மாற்றுத்திறனாளிகளை மாற்றுவலுவுள்ளோர் என்றும் எழுதுகிறோம். கையேடு இங்கே வந்தால் அந்த ஒரு சொல்லை மட்டும் மாற்றினால் போதும்.

கோவையிலிருந்து மொழிபெயர்ப்பாளர்:

'அழைப்புச்சொல்' என்று தனிமடலில் இருவர் கேட்டிருக்கிறார்கள். நாகரிகமாக இருக்கிறது, ஆனால் கையேட்டில் தொலைபேசிக்கு ஒரு முழு அத்தியாயம் இருக்கிறது. 'அழைப்புச்சொல்லைச் சொல்லி அழைப்பை ஏற்று, அழைப்பு முடிந்ததும்...' என்று நானே இரண்டாவது வரியில் தொலைந்துபோனேன்.

சென்னையிலிருந்து மென்பொருள் பொறியாளர்:

கூப்பிடும் பெயருக்குத் தொழில்நுட்பப் பக்கத்திலிருந்தும் ஆதரவு. அமேசான் பெட்டியில் அந்தச் சொல்லை நாமே மாற்றிக்கொள்ளலாம்: அலெக்ஸா வேண்டாம் என்றால் எக்கோ, கம்ப்யூட்டர் என்று சில பெயர்கள் உண்டு. வீட்டில் ஒருவருக்கு அதே மாதிரிப் பெயர் இருந்தாலோ, பேச்சுக் குழறல் உள்ளவருக்கு 'க்ஸ்' வாயில் வராவிட்டாலோ மாற்ற வேண்டியிருக்கும். அந்த 'க்ஸ்' இருப்பதே அன்றாடப் பேச்சிலிருந்து அது தனித்துக் கேட்கட்டும் என்பதற்காகத்தான். கருவிக்கு எளிது, நாக்குக்குக் கடினம். 'கூப்பிடும் பெயரை மாற்றுங்கள்' என்று எழுதினால் படித்தவுடன் புரியும். 'துயிலெடைச் சொல்லை மாற்றுங்கள்' என்றால் எனக்கே தொலைபேசி வரும்.

மைக்ரோஃபோன் எட்டும் தொலைவுக்கும் நம்மிடம் சொல் தயாராக இருக்கிறது: கூப்பிடு தூரம்.

இன்னொன்றையும் சேர்த்துவிடுங்கள். பெயரைக் கேட்டு விளக்கு எரிவது பெட்டிக்குள்ளேயே நடக்கும். அதற்கு மேல் பெரும்பாலான வேலைக்கு இணையம் வேண்டும். இணையம் போனால் கூப்பிட்டதும் விளக்கு எரியும், வேலை நடக்காது. மின்சாரம் போனால் விளக்கும் எரியாது. பக்கத்து வீட்டுக்குக் கேட்கிற மாதிரி, மின்சாரம் தேவைப்படாத மணி ஒன்றும் கைக்கோ கன்னத்துக்கோ எட்டும் இடத்தில் இருக்கட்டும்.

நாகர்கோவிலிலிருந்து அச்சுப்பிழை திருத்துநர்:

விளிச்சொல்லை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். 'கூப்பிடும் பெயர்' விளக்கம்; கலைச்சொல் ஆகாது. பெயரெச்சத்தைத் தலையில் வைத்துக்கொண்டு கலைச்சொல் நெடுநாள் நிற்பது அரிது. கணினியின் சுட்டெலி கூடச் சுட்டியாகத் தேய்ந்துதான் நிலைத்தது.

ள, ழ வேறுபாடு தெரியாதவர்கள் 'விழிச்சொல்' என்று அடித்துவிடுவார்கள் என்று எனக்கே ஒரு கவலை இருந்தது. யோசித்துப் பார்த்தால் அதற்கும் பொருள் வருகிறது. எழுத்துப் பிழையானாலும் பொருள் கெடாத வேறொரு கலைச்சொல்லைக் காட்டுங்கள் பார்க்கலாம்.

தஞ்சாவூரிலிருந்து தமிழாசிரியர்:

'கூ' என்பது ஒலிக்குறிப்பு வேர். கூ, கூவு, கூவல், கூக்குரல், கூப்பாடு. கூ + இடு என்று பகரம் தோன்றிக் கூப்பிடு ஆனதாகக் கொள்ளலாம். 'கூவல்' என்றால் கிணறு என்றும் பொருள், அது வேறு வேர். அதைப் பற்றித் தனியே எழுதுகிறேன். ஆகவே சொல்லில் குற்றமில்லை.

என் மறுப்பு 'பெயர்' என்பதில். ஆப்பிள் கருவியை அழைக்கும் 'ஹே சிரி' என்பதில் சிரி பெயர், 'ஹே' பெயரன்று. 'ஓகே கூகுள்' என்பதிலும் அப்படியே. பெயரோடு விளிக் குறிப்பும் சேர்ந்த தொடரைப் பெயர் என்பது எப்படி?

சென்னையிலிருந்து மென்பொருள் பொறியாளர்:

2023-இலேயே ஆப்பிள் அந்த 'ஹே'யைக் கட்டாயமில்லை என்று ஆக்கிவிட்டது ஐயா. இப்போது 'சிரி' என்றாலே போதும்.

தஞ்சாவூரிலிருந்து தமிழாசிரியர்:

அப்படியானால் அது ஏவல் வினையாகிவிடும். 'சிரி' என்றால் நான் சிரிப்பேன்.

கோவையிலிருந்து மொழிபெயர்ப்பாளர்:

வியாழன் இரவு பதினொரு மணி. அச்சகத்துக்கு இப்படி அனுப்புகிறேன்: கையேடு முழுவதும் 'கூப்பிடும் பெயர்', 'குரல் உதவி'. கடைசிப் பக்கச் சொற்பட்டியலில் மட்டும் 'விளிச்சொல்' என்றும் வழங்கலாம் எனக் குறிப்பு. துயிலெடை இல்லை. நூற்பாவும் முகப்பில் இல்லை, மன்னியுங்கள் ஐயா, இடமில்லை. 'உரக்கச் சொல்லுங்கள்' என்று இருந்த இடமெல்லாம் 'அருகில் வைத்துக்கொள்ளுங்கள்' என்று மாறிவிட்டது. மணியைப் பற்றிய வரி சேர்ந்துவிட்டது.

சேலத்திலிருந்து ஒரு தாய்:

நன்றி. பன்னிரண்டாம் பக்கத்தில் ஓர் 'உதவியாளர்' இன்னும் தப்பி நிற்கிறார். 'உதவியாளரைச் செருகியிலிருந்து கழற்றிவிட்டுத் துடைக்கவும்' என்று இருக்கிறது. அக்கா படித்துவிட்டுக் கோபித்துக்கொண்டார்.

தஞ்சாவூரிலிருந்து தமிழாசிரியர்:

இடமில்லை என்றால் சரி. ஆனால் சகோதரி மூச்சைப் பற்றி எழுதியதிலிருந்து விளிமரபையே திரும்ப எடுத்து வைத்துக்கொண்டிருக்கிறேன். 'அன்' ஈற்றுப் பெயரை விளித்தால் ஆகாரம் பெறும், ஆனால் 'அண்மைச் சொல்லிற்கு அகரம்' என்கிறார். பக்கத்தில் இருப்பவரைக் கூப்பிடச் சோழா என்று நீட்ட வேண்டாம், சோழ என்றாலே போதும். குறைந்த மூச்சில் கூப்பிடுவதற்கும் இலக்கணம் இருக்கிறது. மறுபதிப்பு வந்தால் முகப்புக்கு முன்னதை விட்டுவிட்டு இந்த நூற்பாவைப் போடுங்கள். 'பெயர்' பற்றிய என் மறுப்பு அப்படியே நிற்கிறது.