பங்குனியில் 1806: 23 பேருக்குக் கட்டுச்சோறு, யோசனை வேண்டும்

முள்ளுக்கத்திரி எழுதியது:

சத்துவாச்சாரியிலிருந்து எழுதுகிறேன். பங்குனி பிறந்து, வெயில் இன்னும் முழுசாகப் பல்லைக் காட்டாத ஒரு ஞாயிற்றுக்கிழமையில் அண்ணன், அக்கா, தம்பி குடும்பமெல்லாம் சேர்ந்து கட்டுச்சோறு கட்டிக்கொண்டு எங்காவது கிளம்புவது எங்கள் வீட்டுப் பழக்கம். போன வருஷம் அமிர்தி, அதற்கு முந்தின வருஷம் ஏலகிரி. இந்த வருஷம் என் முறை. மொத்தம் 23 பேர். மூத்தவர் என் மாமனார், 78 வயது. கடைக்குட்டி தம்பி பையன், 6 வயது.

எட்டாவது படிக்கிற என் மகள் வேலூர்ப் புரட்சியைப் படித்துவிட்டு, "இந்த வாட்டி எல்லாரும் 1806 மாதிரி போலாம்மா. டிரெஸ், சாப்பாடு, விளையாட்டு எல்லாமே" என்று பிடித்துக்கொண்டாள். எனக்கும் ஆசைதான். கோட்டையைத் தினமும் பஸ்ஸில் தாண்டிப் போகிறோம். அகழியில் தண்ணீர் இருக்கிறதா என்று எட்டிப் பார்ப்பதோடு சரி.

பயமும் உண்டு. இரண்டு வருஷத்துக்கு முன்னால் சின்னவன் பிறந்தநாளுக்கு ராஜா ராணி வேஷம் என்று வாடகைக்கு உடை எடுத்தோம். ஜிகினா வைத்த வெல்வெட் அங்கி. பத்தரை மணிக்கே பிள்ளைகளுக்கு வேர்த்து ஊற்றி, ஒன்று வாந்தி எடுத்துவிட்டது. கிரீடத்தில் ஒரு கல் விழுந்துவிட்டது என்று கடைக்காரர் 500 ரூபாய் அட்வான்ஸைத் திருப்பித் தரவே இல்லை. அந்தக் கல் சட்டைப் பட்டன் அளவுகூட இருக்காது.

சரி, கேள்விக்கு வருகிறேன். கோட்டைக்குள்ளேயே உட்கார்ந்து சாப்பிடலாமா? அந்தக் காலத்தில் என்ன சாப்பிட்டிருப்பார்கள்? அண்ணன் இப்போதே, "பிரியாணி இல்லாங்காட்டி நான் வரல" என்று சொல்லிவிட்டான். அப்புறம், மனசில் ஓர் உறுத்தல். அத்தனை பேர் செத்த சம்பவத்தை வைத்துக்கொண்டு பாய் விரித்துச் சாப்பிடலாமா? நேற்று மாமனார், "எழவு வூட்ல இன்னாத்துக்குமா வேஷம்?" என்று ஒரே போடாகப் போட்டார். பதில் சொல்லத் தெரியவில்லை.

பழைய வாத்தியார் எழுதியது:

அம்மா, 31 வருஷம் சரித்திரம் நடத்தியவன் என்ற உரிமையில் சொல்கிறேன். உங்கள் மாமனார் கேட்டதுதான் சரியான கேள்வி. 1806 ஜூலை 10 விடிவதற்கு முன்னால் தொடங்கி, அன்று பகலுக்குள் கோட்டைக்குள் வெள்ளையர் நூறு பேருக்கு மேலும், நம் சிப்பாய்கள் முன்னூறு பேருக்கு மேலும் செத்தார்கள். ஆற்காட்டிலிருந்து வெள்ளைக்கார அதிகாரி கில்லெஸ்பி குதிரைப்படையோடு வந்து சேர்ந்தபின், பிடிபட்டவர்களைச் சுவரோரம் நிறுத்திச் சுட்டார்கள். பிள்ளைகள் கையில் அட்டைத் துப்பாக்கியைக் கொடுத்து இதை நடிக்க வைக்காதீர்கள்.

ஒரு வருஷம் பின்னால் போங்கள். 1805 பங்குனி. ஏனென்றால் சிப்பாய்களைக் கொதிக்க வைத்த அந்தக் கம்பெனி உத்தரவு வந்தது 1805 நவம்பரில்தான். நெற்றியில் சமயக் குறி கூடாது, காதில் கடுக்கன் கூடாது, தாடியை மழி, மீசையைச் சொன்ன அளவில் வெட்டு, தோல் குஞ்சம் வைத்த புதுத் தலைப்பாகையைப் போடு. 1805 பங்குனியில் இதெல்லாம் கிடையாது. நாமக்காரர் நாமத்தோடும் தாடிக்காரர் தாடியோடும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடலாம்.

இன்னொன்று. சிப்பாய்களில் பலர் பெண்டாட்டி பிள்ளைகளோடு கோட்டைக்கு வெளியே பேட்டையில் குடியிருந்தவர்கள். ஜூலை 9 ராத்திரி அவர்கள் கோட்டைக்குள்ளேயே படுத்ததற்குக் காரணம், மறுநாள் விடிகாலையில் அணிவகுப்பு இருந்ததுதான். ஆகவே நீங்கள் கட்ட வேண்டியது ராஜா வீட்டுச் சோறு அல்ல, பேட்டையில் ஒரு சிப்பாய் வீட்டுச் சோறு. வெல்வெட்டும் கிரீடமும் எதற்கு? ஆண்களுக்கு வேட்டி, பெண்களுக்கு நூல் புடவை. பீரோவில் இருப்பதே போதும்.

தலைப்பாகை மட்டும் கட்டாயம். பழைய வேட்டி ஒன்றை நீளவாக்கில் மடித்து, லேசாகத் தண்ணீர் தெளித்து, ஒரு முனையைப் பல்லில் கடித்துக்கொண்டு நெற்றியிலிருந்து பின்பக்கமாகச் சுற்ற வேண்டும். இறுக்கினால் தலை வலிக்கும், தளர்த்தினால் குனிந்ததும் அவிழும். வகுப்பில் வருஷா வருஷம் ஒரு பையனுக்குக் கட்டிவிடுவேன். கண்ணாடியில் பார்த்துவிட்டு அவன் மிதப்பாக நிற்கும்போது அதைக் கழற்றி, ஒரு தோல் பெல்ட்டை வளைத்து அவன் தலையில் வைத்து, "இனிமே இதான்" என்பேன். பையன் முகம் போகிற போக்கைப் பார்க்க வேண்டுமே! அதற்குமேல் அன்றைக்கு நான் பாடம் நடத்தியதில்லை.

கோட்டைக்குள் சாப்பாடு வேண்டாம். அது தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. அனுமதித்த இடம் தவிர வேறெங்கும் சமைக்கவோ சாப்பிடவோ கூடாது என்று விதியே உண்டு. காலையில் உள்ளே நடந்துவிட்டு, வெளியே ஏதாவது தோப்பில் இலையைப் போடுங்கள்.

தால்ச்சா எழுதியது:

அக்கா, நான் வேலூர் கஸ்பாவில் பிறந்தவள். பிரியாணி விஷயத்தை என்னிடம் விடுங்கள்.

1799இல் ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்த பிறகு திப்பு குடும்பத்தை இந்தக் கோட்டையில்தான் கொண்டுவந்து வைத்தார்கள். புரட்சிக்கு முதல் நாள்கூட உள்ளே திப்பு மகள் ஒருத்திக்குக் கல்யாணம். இந்தப் பக்கம் ஆற்காட்டில் நவாப் ஆண்டிருக்கிறார். தம் போட்ட சோற்றின் வாசனை பேட்டைக்கு வராமலா இருந்திருக்கும்? அண்ணனை வரச்சொல்லுங்கள். ஒரே நிபந்தனை, தக்காளி கூடாது. தயிரும் காய்ந்த மிளகாய் விழுதும் போதும். சீரகச் சம்பாவில் செய்து பாருங்கள், தக்காளி இல்லாததே தெரியாது. தயிரை மட்டும் கொஞ்சம் புளிப்பாக எடுத்துக்கொள்ளுங்கள்.

காய்க்கு ஒரு சுலபமான வழி. மார்க்கெட்டில் நாட்டுக்காய், இங்கிலீஷ் காய் என்று பிரித்துச் சொல்வார்கள் இல்லையா, அதில் இங்கிலீஷ் காய் எல்லாவற்றையும் தள்ளிவிடுங்கள். கேரட், பீன்ஸ், கோஸ், உருளைக்கிழங்கு எல்லாம் போச்சு. கத்திரி, அவரை, புடலை, பூசணி, முருங்கை, மொச்சை நிற்கும். உங்கள் பெயரிலேயே இருக்கிறதே, இலவம்பாடி முள்ளுக்கத்திரி! 2023இல் புவிசார் குறியீடு வாங்கிய காய். புளி ஊற்றிக் கெட்டியாகச் செய்தால் பிரியாணிக்கும் ஆகும், கேவுரு (கேழ்வரகு) களிக்கும் ஆகும்.

நல்லெண்ணெயில் தாளியுங்கள். மல்லாட்டை, அதான் வேர்க்கடலை, நம்ம பக்கம் பெரிய அளவில் பயிரானதெல்லாம் ரொம்பப் பிற்பாடு. வேர்க்கடலைச் சட்னியும் கிடையாது என்று சொல்லவே வாய் வரவில்லை, ஆனால் கணக்கு என்றால் கணக்குதான். காபி, டீக்குப் பதில் பானகம், நீர்மோர். பெரியவருக்கு மட்டும் ஒரு பிளாஸ்க்கில் ஒளித்து வைத்துவிடுங்கள்.

ராணிப்பேட்டைக்காரன் எழுதியது:

எல்லாரும் வேலூரையே சுற்றுகிறீர்கள். ஆற்காட்டுக்கு வாங்க! பாலாற்றங்கரையில் டெல்லி கேட் நிற்கிறது. 1751இல் கம்பெனிப் படையோடு கிளைவ் ஆற்காட்டுக் கோட்டைக்குள் ஐம்பது நாள் முற்றுகையில் மாட்டிக்கொண்டபோது, சாப்பாடு தீர்ந்துபோய், நம் சிப்பாய்கள் சோற்றை வெள்ளைக்காரர்களுக்குக் கொடுத்துவிட்டுக் கஞ்சித் தண்ணியைத் தாங்கள் குடித்தார்களாம். இதை எழுதிவைத்துக் கொண்டாடியவர்கள் வெள்ளைக்காரர்கள், அதனால் எனக்குப் பாதிதான் நம்பிக்கை. ஆனால் சாப்பாட்டுக் கதை என்றால் இதைவிட வேறென்ன வேண்டும்? கஞ்சி வடித்து எடுத்துக்கொண்டு வாங்க, வரும்போது மக்கன் பேடா நான் வாங்கித் தருகிறேன்.

பழைய வாத்தியார் எழுதியது:

தம்பி சொல்லும் கதையை வேலூரோடு சேர்த்தே சொல்லலாம். கஞ்சி குடித்ததாகச் சொல்கிற அதே கம்பெனிப் படைக்கு, 54 வருஷம் கழித்து மீசை எவ்வளவு நீளம் என்று உத்தரவு வருகிறது. பிள்ளைகளுக்கு இதைப் பிரியாணிக்கு முன்னால் சொல்லுங்கள். பின்னால் சொன்னால் தூங்கிவிடுவார்கள்.

மேல்பாடி மாமா எழுதியது:

1805 எல்லாம் நேற்று மாதிரி. சோழர் காலத்துக்குப் போங்கள். பொன்னை ஆற்றங்கரையில் எங்கள் மேல்பாடியில் ராஜராஜன் தன் பாட்டன் அரிஞ்சயனுக்கு எடுத்த பள்ளிப்படைக் கோயில், அதாவது இறந்த அரசர் நினைவாக எழுப்பிய கோயில், இருக்கிறது. கூட்டமே இருக்காது. சமையலும் சுலபம்: மிளகு, சீரகம், கடுகு, புளி, நெய், தயிர். தஞ்சைக் கல்வெட்டிலேயே படையலுக்கு இதையெல்லாம் அளந்து கொடுத்திருக்கிறார்கள். மிளகாய் கிடையாது, அது போர்த்துக்கீசியர் வந்த பிறகுதான்.

முள்ளுக்கத்திரி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. போன ஞாயிறு போய்வந்தோம்.

ஆறரைக்கெல்லாம் கோட்டைக்குள் நடந்தோம். சாமியில்லாத கோயில் என்று ஊரே கிண்டல் பண்ணிக்கொண்டிருந்த ஜலகண்டேஸ்வரர் கோயிலுக்கு 1981இல் சாமி திரும்பி வந்த கதையை அக்கா வீட்டுக்காரர் சொன்னார். அவர் அப்போது சின்னப் பையன், கூட்டத்தில் ஒரு செருப்பைத் தொலைத்தாராம். அவ்வளவுதான் அவருக்கு நினைவிருக்கிறது. ஒன்பதுக்குள் பள்ளிகொண்டா பக்கம் தம்பி மாமியார் வீட்டு மாந்தோப்புக்குப் போய்விட்டோம். மரம் பூராவும் வடு. பிள்ளைகள் மண்ணில் ஆடுபுலிக் கட்டம் கிழித்தார்கள். 15 ஆட்டுக்கு மாங்கொட்டை தேடினால் இந்த மாசத்தில் எங்கே கிடைக்கும்? உதிர்ந்த வடுவையே ஆடாக வைத்தார்கள், பாதி ஆட்டைத் தின்றும் விட்டார்கள்.

தலைப்பாகையில் எங்கள் ஆண்கள் மானம் போயிற்று. அண்ணன் கட்டியது பிரியாணிச் சட்டியைத் திறக்கக் குனிந்தபோது தம்மிலேயே விழ இருந்தது. கடைசியில் மாமனார் பாயிலிருந்து எழுந்து வந்து, வேட்டி முனையைப் பல்லில் கடித்துக்கொண்டு, ஒரு வார்த்தை பேசாமல் தனக்கு ஒன்று கட்டிக்கொண்டார். அப்புறம் வரிசையாக ஒன்பது பேருக்கு. அவருடைய அப்பா மாட்டுவண்டி ஓட்டியவர் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும். 17 வருஷமாக இந்த வீட்டு மருமகள் நான்.

வாத்தியார் ஐயா சொன்ன மாதிரி மகள் அப்பாவின் பெல்ட்டை எடுத்துக்கொண்டு ஒவ்வொருவர் தலையாக, "இனிமே இதான்" என்று வைத்துக்கொண்டே வந்தாள். எல்லாருக்கும் சிரிப்பு. தாத்தாவிடம் வந்தபோது அவர் தலைப்பாகையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "கைய எடு" என்றார். விளையாட்டு என்று தெரிந்துதான் சொன்னார், ஆனால் குரல் விளையாட்டாக இல்லை. அவள் பெல்ட்டைப் பையில் போட்டுவிட்டு அவர் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டாள். சாப்பிட்டு முடியும்வரை அவர் தலைப்பாகையைக் கழற்றவில்லை.

தால்ச்சா, பிரியாணி நன்றாக வந்தது. தயிர் புளிப்புப் பற்றாமல் கடைசியில் எலுமிச்சை பிழிந்தேன். களி அரைவாசி மிஞ்சிவிட்டது, பிள்ளைகள் தொடவில்லை. நீர்மோர்ப் பானையில் விரிசல் விட்டு, கார் டிக்கி இன்னும் புளித்த வாடை அடிக்கிறது.

அடுத்த வருஷம் அக்கா முறை. அவளுக்கு மேல்பாடி பிடித்துவிட்டது. மிளகாயே இல்லாமல் அண்ணனை எப்படி வண்டியில் ஏற்றுவது என்று மட்டும் யாராவது சொல்லுங்கள்.