ஜாஸ் வாசிப்பில் ஒளிந்திருக்கும் மெட்டுகளைக் கண்டுபிடிக்க உதவுங்கள்

வணக்கம் நண்பர்களே. இரண்டு வாரமாக ஒரே பதிவைத்தான் திரும்பத் திரும்பக் கேட்கிறேன். 1960-இல் பெர்லின் மேடையில் அமெரிக்க ஜாஸ் பாடகி எல்லா ஃபிட்ஜெரால்ட் (Ella Fitzgerald) பாடிய ‘ஹவ் ஹை தி மூன்’. வரிகளை விட்டுவிட்டு வெறும் ஒலிகளாகப் பாடிக்கொண்டே போகிறவர், நடுவில் வேறு பாட்டுகளின் துண்டுகளைச் செருகுகிறார். கடைசியில் ‘ஸ்மோக் கெட்ஸ் இன் யுவர் ஐஸ்’ மெட்டைப் பிடித்து, புகைக்குப் பதில் வியர்வை என்று மாற்றிப் பாடுகிறார். அந்த இடத்தில் ஒவ்வொரு முறையும் சிலிர்த்துப் போகிறது.

சாக்ஸபோன் கலைஞர் சார்லி பார்க்கர் புகழ்பெறச் செய்த ‘ஆர்னிதாலஜி’யும் இதில் வருகிறது. இதே பாட்டின் கார்டுகள் (chords, சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டங்கள்) மேல் அமைந்த மெட்டு என்பதால் கச்சிதமாக உட்காருகிறது. சரி, அது புரிகிறது. ஆனால் வேறு கார்டுகளுக்கு உரிய மெட்டை ஓடுகிற பாட்டில் எப்படிப் பொருத்துகிறார்கள்? ஓரிரு ஸ்வரங்களை வளைக்கிறார்களா, இல்லை பொருந்துகிற இடம் வரும்வரை காத்திருக்கிறார்களா? சாக்ஸபோனோ பியானோவோ வாசிக்கிறவர்கள் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்.

அப்புறம் இன்னொன்று. இப்படிச் செருகப்படும் மெட்டுகளைக் கேட்டு வளர்ந்தவன் இல்லை நான். பார்க்கர் முடிப்பில் வாசிக்கும் ‘கன்ட்ரி கார்டன்ஸ்’ மட்டும் உடனே பிடிபடுகிறது, மற்றவை நழுவிப் போகின்றன. முதலில் காதில் ஏற்றிக்கொள்ள வேண்டிய பழைய அமெரிக்கப் பாட்டுகள் ஒரு இருபது சொல்வீர்களா? இப்படி மெட்டுகளைச் செருகி வாசிக்கும் இன்னொரு சாக்ஸபோன் கலைஞரான டெக்ஸ்டர் கார்டனை (Dexter Gordon) எந்தப் பதிவிலிருந்து தொடங்கலாம் என்றும் சொல்லுங்கள்.