வியட்நாமில் வாங்கிய பைக்கை லாவோஸுக்குள் விடவில்லை

ஹனோயில் ஊர் திரும்பவிருந்த ஒரு பயணியிடம் பழைய 110 சிசி வின் பைக் வாங்கினேன். லாவோஸ், கம்போடியா சுற்றிவிட்டு ஹோ சி மின் நகரத்தில் விற்றுவிடலாம் என்று திட்டம். எல்லையில் என்னை விடுவார்களாம், பைக்கை மட்டும் விட மாட்டார்களாம்! நீல அட்டை, அதாவது பதிவுச் சான்று, முதல் உரிமையாளரான வியட்நாம்காரர் பெயரிலேயே இருக்கிறது. பயணிகளுக்குள் கைமாறும் பைக்குகள் பெரும்பாலும் அப்படித்தான்.

சேசிஸ் எண்ணின் மீதிருந்த சேற்றைப் பெட்ரோல் துணியால் துடைத்துக் காட்டினேன், அட்டையோடு பொருந்துகிறது. விற்பனைத் தாளையும் நீட்டினேன். ம்ஹும். அட்டையிலுள்ள ஆளைத் தேடினால் வீடு மாறிவிட்டாராம். தாய்லாந்து யோசனையே இல்லை, அங்கே முன்அனுமதி வேண்டும்.

இப்போது வியட்நாமின் டோங் ஹா நகரில் இருக்கிறேன். விசா மாதக் கடைசியோடு முடிகிறது. அடுத்தவர் பெயரில் உள்ள நீல அட்டையோடு அண்மையில் லாவோஸ் போனவர்கள் எந்த எல்லை வழியாகப் போனீர்கள்?