ஜோ ஸ்கார்பரோ: எம்.பி. பதவியை விட்டார், அரசியலை விட்டாரா?

தாமிரபரணி:
போன வாரம் நண்பர் வீட்டில் சாப்பாட்டு மேசையில் இந்தப் பேச்சு எழுந்து, குழந்தைகள் தூங்கவேண்டும் என்று பாதியில் நின்றுபோனது. மனசுக்குள் ஓடிக்கொண்டே இருப்பதால் இங்கே கொண்டுவருகிறேன்.

அமெரிக்க அரசியலைப் பின்தொடராதவர்களுக்காகச் சுருக்கமாக. ஜோ ஸ்கார்பரோ குடியரசுக் கட்சிக்காரர். 1994இல் ஃபுளோரிடாவின் முதலாம் தொகுதியிலிருந்து பிரதிநிதிகள் சபைக்குப் போனார். தொடர்ந்து நான்கு முறை ஜெயித்தார். நான்காவது பதவிக்காலம் தொடங்கி ஒன்பது மாதம்கூட ஆகாத நிலையில், 2001 செப்டம்பரில் ராஜினாமா செய்தார். 2003இல் எம்எஸ்என்பிசி என்ற செய்திச் சேனலில் தன் பெயரிலேயே நிகழ்ச்சி. 2007இல் டான் ஐமஸ் என்ற வானொலிக்காரரின் நிகழ்ச்சி இனவெறிப் பேச்சால் நிறுத்தப்பட்டபோது, அந்தக் காலை நேரம் இவருக்குக் கிடைத்தது. அதுதான் 'மார்னிங் ஜோ'.

என் வாதம் இதுதான். இவர் விட்டது தொகுதி மக்களுக்குப் பதில் சொல்லும் கடமையை மட்டும்தான். அதிகாரத்தை விடவில்லை. 2024 ஜூலை 8 அன்று, விவாத மேடையில் தடுமாறிப்போன பைடன், "போட்டியில் இருந்து விலக மாட்டேன்" என்று சொல்லத் தொலைபேசியில் கூப்பிட்டது இந்த நிகழ்ச்சியைத்தான். இரண்டே நாளில், பைடன் கட்சியின் முன்னாள் சபாநாயகர் நான்சி பெலோசி அதே நிகழ்ச்சியில் உட்கார்ந்து, "முடிவெடுக்க வேண்டியது அதிபர், நேரம் குறைந்துகொண்டே வருகிறது" என்றார். நிற்பேன் என்று எழுதியே கொடுத்துவிட்ட மனிதரைப் பார்த்து 'முடிவெடுங்கள்' என்றால் என்ன அர்த்தம் என்று எல்லோருக்கும் புரிந்தது. 21ஆம் தேதி பைடன் விலகினார். 435 பேரில் ஒருவராக இருந்தபோது ஸ்கார்பரோவுக்கு இப்படி ஒரு மேடை கிடைத்திருக்குமா? ஓட்டே வாங்காத ஒருவரிடம் இவ்வளவு செல்வாக்கு சேர்வதை நான் சாதாரணமாக எடுத்துக்கொள்ள மாட்டேன்.

கடற்காகம்:
தாமிரபரணி அண்ணே, வணக்கம். நான் பென்சகோலாவில் ஒன்பது வருடம் இருந்தவன். அவருடைய தொகுதி. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அந்த ஊரில் விடிந்தால் கடற்படை விமானச் சத்தம். அந்தப் பக்கம் போனால் எக்லின் விமானப்படைத் தளம். பாதிக் குடும்பங்களில் யாராவது ஒருவர் சீருடை போட்டவர், இல்லையென்றால் போட்டிருந்தவர். அப்படிப்பட்ட பழமையான ஊர் அது. ஆனாலும் உள்நாட்டுப் போருக்குப் பிந்தைய காலத்திலிருந்து 1994 வரை குடியரசுக் கட்சிக்கு அங்கே எம்.பி. கிடையாது. தெற்கத்தி ஜனநாயகக் கட்சிக்காரர்களின் கோட்டை. அதை உடைத்தவர் முப்பத்தோரு வயது வக்கீல்.

எப்படி உடைத்தார் என்பதுதான் முக்கியம். 1993இல் பென்சகோலா நகரசபை சொத்து வரியை 65 சதவீதம் ஏற்றப் பார்த்தது. கையெழுத்து இயக்கம் நடத்தி அதைத் தடுக்க முன்னால் நின்றவர் இவர். நான் போன காலத்திலும் ஊர்ப் பெரியவர்கள் அதைச் சொல்வார்கள், நம் ஊரில் தெருக்குழாய் கொண்டுவந்த கவுன்சிலரைச் சொல்வதுபோல.

அப்புறம், டிவிக்கு வந்த பிறகுதான் கட்சித் தலைமையைக் கேள்வி கேட்டார் என்று பலர் நினைக்கிறார்கள். 1994இல் குடியரசுக் கட்சி 54 இடங்களைக் கூடுதலாகப் பிடித்து நாற்பது வருடம் கழித்துச் சபையைக் கைப்பற்றியதே நியூட் கிங்ரிச் என்ற ஒருவர் தலைமையில்தான். அதே கிங்ரிச்சைச் சபாநாயகர் நாற்காலியிலிருந்து இறக்க 1997 கோடையில் ஒரு கலகம் நடந்தது. டாம் கோபர்ன், ஸ்டீவ் லார்ஜெண்ட், லிண்ட்சி கிரஹாம் ஆகியோரோடு அதில் ஸ்கார்பரோவும் இருந்தார். கலகம் தோற்றது. தோற்றவர்களுக்கு என்ன கிடைக்கும் என்று உங்களுக்கே தெரியும்.

ராஜினாமாவையும் திடுதிப்பென்று செய்யவில்லை. மே மாதமே அறிவித்தார். விவாகரத்து ஆகியிருந்தது, இரண்டு மகன்கள். அவர்களோடு இருக்கவேண்டும் என்றார். ஒரு தகப்பன் சொல்லும் காரணத்தை நான் சந்தேகப்பட மாட்டேன்.

இரவுப்பணி:
நான் நர்ஸ். பன்னிரண்டு வருடம் நைட் டூட்டி. எங்கள் ஓய்வறைச் சுவரில் ஒரு டிவி உண்டு. காலையில் சார்ஜ் கொடுத்துவிட்டுக் கோட் மாட்டும்போது அதில் ஓடுவது மார்னிங் ஜோதான். எனவே இவரை விரும்பிப் பார்த்தவள் இல்லை, பார்க்க நேர்ந்தவள்.

2015 டிசம்பர் 8 காலை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. முந்தின நாள்தான் டிரம்ப் முஸ்லிம்கள் யாரும் நாட்டுக்குள் வரக்கூடாது என்று அறிவித்திருந்தார். எங்கள் வார்டிலேயே இரண்டு முஸ்லிம் டாக்டர்கள். ஒருவர் என் பக்கத்தில் நின்று திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். டிரம்ப் போனில். நிறுத்தாமல் பேசுகிறார். கேள்வி கேட்க விடுங்கள், நீங்களே பேசிக்கொண்டிருந்தால் எப்படி என்று ஸ்கார்பரோ திரும்பத் திரும்பச் சொல்கிறார். கேட்கவில்லை. கடைசியில் விளம்பர இடைவேளை விட்டுவிட்டார். எனக்கு அப்பாடா என்றிருந்தது. ஆனால் இடைவேளை முடிந்ததும் அதே குரல், அதே போன், மறுபடியும் தொடர்ந்தது. டாக்டர் எதுவும் சொல்லாமல் வெளியே போய்விட்டார்.

கடற்காகம் தம்பி, என் கேள்வி அந்தப் போனைப் பற்றித்தான். ஒரு வேட்பாளர் வீட்டில் உட்கார்ந்துகொண்டு போனில் பேசினால் அவர் முகம் தெரியாது, முன்னால் தாள் இருக்கிறதா என்று தெரியாது, குறுக்கே பேசி நிறுத்தவும் முடியாது. ஃபாக்ஸ் நியூஸில் கிறிஸ் வாலஸ் தன் ஞாயிறு நிகழ்ச்சியில் டிரம்ப்பைப் போனில் பேட்டி எடுக்க ஒத்துக்கொள்ளவில்லை, நேரில் வாருங்கள் என்றார். ஸ்கார்பரோவால் ஏன் அப்படிச் சொல்ல முடியவில்லை? நியூ ஹாம்ப்ஷயர் மாநில உட்கட்சித் தேர்தலில் ஜெயித்த மறுநாள் காலை டிரம்ப் இதே நிகழ்ச்சியில், நீங்கள் எனக்கு ஆதரவாக இருந்தீர்கள், குறைந்தபட்சம் என்னை நம்பினீர்கள் என்று நன்றி சொன்னார். நன்றி வாங்கும் இடத்தில் ஒரு நெறியாளர் இருந்திருக்கவே கூடாது.

கடற்காகம்:
அக்கா, போன் விஷயத்தில் நீங்கள் சொல்வதை ஏற்கிறேன். அது தவறுதான். ஆனால் அதே மாதம் பத்து நாள் கழித்து நடந்ததையும் சேர்த்துப் பாருங்கள். புதின் தன்னைப் பாராட்டியதில் டிரம்ப் குளிர்ந்துபோயிருந்தார். "அவர் பத்திரிகையாளர்களைக் கொல்கிறவர், அரசியல் எதிரிகளைக் கொல்கிறவர்" என்று நேராகவே சொன்னார் ஸ்கார்பரோ. குறைந்தபட்சம் அவர் ஒரு தலைவராக இருக்கிறாரே என்றார் டிரம்ப். இவர் விடவில்லை, மறுபடியும் அதையே சொன்னார். "நம் நாடும் நிறையக் கொலை செய்கிறது, ஜோ" என்ற பதில் அப்போதுதான் வந்தது. டிரம்ப்பின் வாயிலிருந்து அந்த வாக்கியம் நாட்டு மக்கள் காதில் விழுந்ததற்குக் காரணம், கேள்வியை இரண்டாவது தடவையும் கேட்ட மனிதர்.

அதற்குப் பிறகு அவர் கொடுத்த விலை சாதாரணமில்லை. 2017 ஜூனில் அவரையும் அவரோடு நிகழ்ச்சி நடத்தும் மிக்கா பிரஜின்ஸ்கியையும் டிரம்ப் எவ்வளவு கேவலமாக எழுதினார் என்பதை நான் இங்கே திரும்ப எழுத விரும்பவில்லை. அடுத்த மாதமே ஸ்கார்பரோ குடியரசுக் கட்சியை விட்டு வெளியேறினார். 2020இல் அதைவிட மோசம். 2001இல் ஸ்கார்பரோவின் ஃபோர்ட் வால்டன் பீச் அலுவலகத்தில் ஒரு இளம் பணியாளர் இறந்துபோனார். இதயக் கோளாறால் மயங்கி விழுந்து தலையில் அடிபட்டது என்று பிரேதப் பரிசோதனை செய்த மருத்துவர் சொன்னார். அப்போது ஸ்கார்பரோ ஃபுளோரிடாவிலேயே இல்லை, வாஷிங்டனில் இருந்தார். அதைக் கொலை என்று கோடிப்பேர் படிக்கும்படி நாட்டின் அதிபர் எழுதினார். இறந்தவரின் கணவர், என் மனைவியின் நினைவை இப்படி அசிங்கப்படுத்த வேண்டாம், அந்தப் பதிவுகளை நீக்குங்கள் என்று ட்விட்டர் தலைவருக்குக் கடிதம் எழுதியும் அவை நீக்கப்படவில்லை.

தாமிரபரணி:
அந்த ஒரு விஷயத்தில் உங்களோடு வாதாட எனக்கு எதுவுமே இல்லை. அந்தக் கணவரின் கடிதத்தை நானும் படித்தேன். அன்று முழுக்க வேலை ஓடவில்லை.

அதனால்தான் 2024 நவம்பரை என்னால் ஜீரணிக்க முடியவில்லை. தேர்தல் முடிந்து பத்து நாள். ஸ்கார்பரோவும் மிக்காவும் டிரம்ப்பின் ஃபுளோரிடா வீடான மார்-எ-லாகோவுக்குப் போய் டிரம்ப்பைச் சந்தித்துவிட்டு வந்து, ஏழு வருடத்தில் முதல் தடவை பேசினோம் என்று திங்கட்கிழமை காலை சொன்னார்கள். டிரம்ப்பைப் பற்றிப் பேசினால் மட்டும் போதாது, டிரம்ப்போடும் பேசவேண்டும் என்றார் மிக்கா. யார் வீட்டு வாசலுக்குப் போனார்கள்? உங்களைக் கொலைகாரன் என்றவர் வீட்டு வாசலுக்கு. இத்தனை வருடம் நம்பிப் பார்த்தவர்கள் அந்த வாரமே டிவியை அணைத்தார்கள். பார்வையாளர் எண்ணிக்கை சட்டென்று விழுந்தது.

இன்னொன்று. 2024 மார்ச்சில் இவர், இப்போது இருக்கும் பைடன்தான் இதுவரை இருந்த பைடன்களிலேயே சிறந்தவர் என்று அடித்துச் சொன்னார், நம்பாதவர்களைத் திட்டவும் செய்தார். ஜூன் 27 விவாதம் முடிந்த மறுநாள் காலை, ஒரு கம்பெனித் தலைவர் இப்படி நடந்துகொண்டால் எந்தக் கம்பெனியாவது வேலையில் வைத்திருக்குமா என்று கேட்டார். நடுவில் மூன்றரை மாதம்தான். பைடனை நேரில் பார்த்துப் பேசிய மனிதர் இவர். நாங்கள் எல்லாம் திரையில் பார்த்தவர்கள். யாருக்கு முதலில் தெரிந்திருக்க வேண்டும்?

வழிப்போக்கன்:
சென்னையிலிருந்து எழுதுகிறேன். அங்கே காலை ஆறு மணி என்றால் கோடைக்காலத்தில் எனக்கு மாலை மூன்றரை. ஆபீஸில் டீ குடிக்கும் நேரத்தில் துண்டுக் காட்சிகளாகப் பார்ப்பேன். புள்ளியியல் படித்தவன் என்பதால் எனக்கு ஒரே ஒரு வருத்தம்தான், அதைச் சொல்லிவிட்டுப் போகிறேன்.

2012 தேர்தலுக்குச் சில நாள் முன்பு, கருத்துக்கணிப்புகளைச் சேர்த்துக் கணக்குப் போட்ட நேட் சில்வர், ஒபாமா ஜெயிக்க வாய்ப்பு அதிகம் என்றார். இது சரிசமப் போட்டி, வேறு மாதிரிச் சொல்கிறவர்களை நம்பவே கூடாது என்று காட்டமாகப் பேசினார் ஸ்கார்பரோ. அப்படியானால் ஆயிரம் டாலர் பந்தயம் கட்டலாம், தோற்றவர் தருமத்துக்குக் கொடுக்கட்டும் என்றார் சில்வர். ஒபாமா 332 தேர்வாளர் வாக்குகளோடு ஜெயித்தார்.

தேர்தலில் நின்றவருக்குக் கூட்டத்தின் சூடு தெரியும், கை குலுக்கும்போதே ஓட்டு யாருக்கு என்று தெரியும் என்பார்கள். அந்த உணர்வு ஒரு தொகுதிக்குச் சரி. ஐம்பது மாநிலத்துக்கு அது போதாது. டிவிக்காரர்கள் முன்னாள் எம்.பி.க்களைக் கூப்பிட்டு உட்காரவைப்பதே இந்த உணர்வை நம்பித்தான். தாமிரபரணி சார் சொன்ன பைடன் விஷயத்திலும் இதே கோளாறுதான் என்று நினைக்கிறேன். பக்கத்தில் உட்கார்ந்து பேசிய பரவசத்தை அவர் ஆதாரமாக எடுத்துக்கொண்டார்.

இரவுப்பணி:
வழிப்போக்கன் தம்பி சொன்னது மனசில் பட்டது. ஆனால் ஜூன் 28 காலை பைடனைப் பற்றி அவர் பேசியதை நான் ஒரு குறையாகச் சொல்ல மாட்டேன். முகத்தில் வேதனை தெரிந்தது. நெருங்கிய நோயாளியின் வீட்டாரிடம் நிலைமையைச் சொல்லும் டாக்டர்கள் முகத்தில் அதைப் பார்த்திருக்கிறேன். தாமதமாகச் சொன்னார், அது உண்மை. சொல்லாமலே இருந்தவர்கள் எத்தனை பேர்?

தாமிரபரணி:
அக்கா, சரி. அந்தக் காலையை உங்களுக்கு விட்டுக்கொடுக்கிறேன்.

ஆனால் என் முதல் கேள்விக்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை. 2010இல் உள்ளூர் வேட்பாளர்களுக்குத் தலா 500 டாலர் நன்கொடை கொடுத்ததற்காக, அதுவும் முன் அனுமதி வாங்கவில்லை என்பதற்காக, சேனல் இவரை இரண்டு நாள் சம்பளமில்லாமல் நிறுத்திவைத்தது. அந்த 500 டாலருக்கு ஒரு விதி இருக்கிறது. மார்-எ-லாகோ பயணத்துக்கு என்ன விதி? தொகுதி என்று ஒன்று இருந்திருந்தால் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மக்கள் கேட்டிருப்பார்கள்.

அதே தொகுதியைப் பாருங்கள் தம்பி. ஸ்கார்பரோவுக்குப் பிறகு ஜெஃப் மில்லர், அவருக்குப் பிறகு மேட் கேட்ஸ். 2024 நவம்பரில் மறுபடியும் ஜெயித்த சில நாளிலேயே கேட்ஸ் ராஜினாமா செய்தார். டிரம்ப் தருவதாகச் சொன்ன அட்டர்னி ஜெனரல் (நாட்டின் தலைமைச் சட்ட அதிகாரி) பதவியும் கிடைக்கவில்லை. 2025 ஜனவரியில் ஒன் அமெரிக்கா நியூஸ் சேனலில் நிகழ்ச்சி நடத்தப் போய்விட்டார். ஒரே நாற்காலியிலிருந்து இரண்டு பேர் பாதியில் எழுந்து கேமரா முன்னால் போய் உட்கார்ந்திருக்கிறார்கள்.

கடற்காகம்:
இந்த இடத்தில் நீங்கள் என்னை மடக்கிவிட்டீர்கள் அண்ணே. கேட்ஸையும் ஸ்கார்பரோவையும் ஒரே தட்டில் வைப்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஒருவர் தன் கட்சித் தலைமையை எதிர்த்து நின்று, பிறகு கட்சியையே விட்டவர். இன்னொருவர் தலைவர் கொடுத்த பதவியை நம்பி எழுந்தவர். ஆனால் தொகுதியின் பக்கம் நின்று பார்த்தால் இரண்டும் ஒன்றாகத்தான் தெரிகிறது.

2001 அக்டோபரில் அங்கே ஒரு இடைத்தேர்தல். 2025 ஏப்ரல் 1 அன்று இன்னொன்று. இரண்டாவது நடந்த அன்று என் பழைய பக்கத்து வீட்டுக்காரர், ஓய்வுபெற்ற கடற்படை மெக்கானிக், எனக்குப் போன் செய்தார். எண்பதைத் தாண்டியவர், வாக்கர் வைத்து நடப்பவர். நவம்பரில் வரிசையில் நின்று ஓட்டுப் போட்டேன், ஐந்து மாதத்தில் மறுபடியும் அதே பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டு வந்தேன் என்றார். ஸ்கார்பரோவுக்கு நான்கு முறையும் ஓட்டுப் போட்டவர் அவர். இன்றும் காலையில் அவரைத்தான் பார்க்கிறார். 2001 ராஜினாமாவைப் பற்றி ஒருநாளும் என்னிடம் குறை சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை. இந்த ஞாயிற்றுக்கிழமை போன் செய்து கேட்கிறேன். அவர் என்ன சொன்னாலும் இங்கே வந்து அப்படியே எழுதுகிறேன்.