ஓவியத்தின் முன்னால் நின்றால் எங்கே பார்ப்பது?

சேலத்துக்காரன்:
ஆபீஸ் வேலையாக இரண்டு மாதம் ஆம்ஸ்டர்டாமில் இருக்கிறேன். போன சனிக்கிழமை ரைக்ஸ்மியூசியம் போனேன். டிக்கெட்டே நம்மூர்க் காசுக்கு இரண்டாயிரத்துக்கு மேல். ரெம்பிராண்டின் ‘இரவுக் காவல்’ முன்னால் ஒரே கூட்டம், நானும் நின்றேன். தொப்பி போட்ட ஆட்கள், ஈட்டி, துப்பாக்கி, இருட்டு. பக்கத்தில் ஒரு பாட்டி கண்கலங்கி நின்றார். எனக்கோ மத்தியானச் சாப்பாடு எங்கே கிடைக்கும் என்ற யோசனை. மூன்று மணி நேரத்தில் நானூறு படமாவது தாண்டியிருப்பேன், ஒன்றும் மனசில் ஒட்டவில்லை. பள்ளியில் டிராயிங் பீரியடை எப்போதும் கணக்கு வாத்தியார் வாங்கிக்கொள்வார். அந்தக் குறைதானா இது? எங்கிருந்து தொடங்குவது?

ரெண்டாம் பெஞ்ச்:
பாட்டிக்குக் கால் வலித்திருக்கும். நானும் உங்க கட்சிதான். ஆடியோ கைடு எடுத்தால் பிரயோஜனம் என்றார்கள், எடுத்தேன். காது கேட்டுக்கொண்டே இருந்தது, கண் பாட்டுக்கு வேறெங்கோ போய்விட்டது.

போர்டு ஆர்ட்டிஸ்ட், மதுரை:
தம்பி, நான் முப்பது வருஷம் கடை போர்டு எழுதினவன், சினிமா பேனரும் வரைந்திருக்கிறேன். ஃபிளெக்ஸ் வந்த பிறகு பிரஷ்ஷைக் கழுவி வைத்தாயிற்று. ஆம்ஸ்டர்டாம் பார்த்ததில்லை. மகன் வாங்கிக் கொடுத்த டேப்லெட்டில் அந்த மியூசியத்துப் படங்களை விரல்நகம் அளவு இடம்கூட விடாமல் பெரிதாக்கிப் பார்ப்பதுதான் இப்போது பொழுதுபோக்கு.

நானூறு படம் என்கிறீர்களே, அதுதான் கோளாறு. கல்யாண வீட்டில் நானூறு பேருக்கு வணக்கம் வைத்தால் யார் முகம் ஞாபகம் இருக்கும்?

‘இரவுக் காவல்’ விளங்க நம்ம ஊர் ஃபிளெக்ஸ் தெரிந்தால் போதும். அது ஊர்க்காவல் படைக்காரர்கள் காசு போட்டு வரையச் சொன்ன குரூப் படம். ஆளுக்குச் சராசரி 100 கில்டர் (அந்த நாட்டின் பழைய காசு), நிற்கிற இடத்தைப் பொறுத்துக் கூடும், குறையும். காதுகுத்து ஃபிளெக்ஸில் தாய்மாமன் முகம் பெரிசா, சித்தப்பா முகம் பெரிசா என்று சண்டை வருமே, அதே தொழில். காசு கொடுத்தவர்களை வரிசையாக நிறுத்தி வரைவதுதான் அங்கே வழக்கம். 1642-இல் ரெம்பிராண்ட் எல்லோரையும் கிளம்ப வைத்துவிட்டார். ஒருத்தர் துப்பாக்கியில் மருந்து போடுகிறார், சிலருக்கு முகமே பாதிதான் தெரிகிறது. சல்லிக்காசு கொடுக்காத ஒரு சின்னப் பெண், இடுப்பில் கோழி தொங்க, வெளிச்சத்தில் ஜொலிக்கிறாள். கேப்டன் நீட்டிய கையின் நிழல் பக்கத்து ஆளின் மஞ்சள் கோட்டில் விழுகிறது, பாருங்கள். நிழல் இருந்தால் வெயில் இருக்கிறது. உண்மையில் அது இரவே இல்லை, மேலே பூசிய வார்னிஷ் கறுத்ததால் வந்த பெயர். 1715-இல் வேறு கட்டடத்துக்குக் கொண்டுபோனபோது சுவரில் கொள்ளவில்லை என்று நாலு ஓரத்தையும் வெட்டிவிட்டார்கள். (நான் எழுதிய ஒரு போர்டையும் ஏசி பைப்புக்காக வெட்டினார்கள். கடைப்பெயரில் முதல் எழுத்தே போச்சு.)

ஆனால் நீங்கள் தொடங்க வேண்டியது அதில் இல்லை. அதே மாடியில் வெர்மீர் வரைந்த, பால் ஊற்றும் பெண் இருக்கிறாள். 1660 வாக்கில் வரைந்தது. ஒன்றரை அடி உயரம்தான் இருக்கும். முதலில் அவளை விட்டுவிட்டுச் சுவரைப் பாருங்கள். மேலே ஒரு ஆணி, அதற்கு ஒரு குட்டி நிழல். பிடுங்கிய ஆணிகளின் ஓட்டைகள். ஒன்றுமில்லாத சுவர் என்று நினைப்பீர்கள், அதில்தான் மனுஷன் உயிரைக் கொடுத்திருக்கிறார். அவள் தலைக்குப் பின்னால் ஜாடிகள் தொங்கும் பலகை ஒன்றை முதலில் வரைந்து, பிறகு அழித்திருக்கிறார் என்று 2022-இல் கருவி வைத்துக் கண்டுபிடித்துச் சொன்னார்கள். எனக்கு அது ஆச்சரியமாக இல்லை. எங்கள் குருநாதர் சொல்லிக் கொடுத்த முதல் பாடமே, சும்மா விட்ட இடம்தான் எழுத்தைத் தூக்கிக் கொடுக்கும் என்பது. போர்டில் இடம் காலியாக இருந்தால் முதலாளிக்கு வயிறு எரியும். ‘அங்கே ஒரு பூ போடுப்பா’ என்பார்.

அப்புறம் அவள் முதுகுப் பக்கத்து ஓரத்தைப் பாருங்கள். மெல்லிய வெள்ளைக் கோடு ஒன்று ஓடும். சுவரோடு ஒட்டிவிடாமல் ஆளைப் பிரித்து நிறுத்துவதற்கு. பேனரில் ஹீரோவின் தோளில் நாங்கள் இழுப்போமே, அதே கோடு! மேஜையில் இருக்கும் ரொட்டியில் வெள்ளைப் புள்ளியாக வைத்திருக்கிறார். கதாநாயகியின் நெக்லஸுக்கு நாங்கள் வைப்பதை அவர் ரொட்டிக்கு வைத்திருக்கிறார்.

இன்னொன்று. ஜாடியின் பிடியைப் பற்றிய கைக்குச் சற்று மேலே ஒரு குண்டூசித் துளை உண்டு. நாங்கள் போர்டில் ஆணி அடித்து, சாக்பீஸ் தடவிய நூலைக் கட்டி இழுத்துச் சுண்டுவோம், கோடு விழும். அவரும் அதைத்தான் செய்தார் என்கிறார்கள். இதைப் படித்த அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

வானதி:
அண்ணே, அருமை. ஆனால் பார்த்தால் மட்டும் போதும் என்று விட்டுவிட எனக்கு மனசில்லை. அவள் ஏப்ரனின் நீலம் ஆப்கானிஸ்தானிலிருந்து வந்த கல்லை அரைத்து எடுத்தது, விலை அதிகம். அதை ஒரு வேலைக்காரப் பெண்ணின் துணிக்குப் பூசியவர் 1675-இல் கடனோடு செத்துப்போனார். ரொட்டிக்கடை பாக்கி மட்டும் 617 கில்டர். அதற்கு ஈடாக அவர் மனைவி இரண்டு ஓவியங்களைக் கடைக்காரரிடம் கொடுத்தார். இது தெரிந்த பிறகு அந்த மேஜையில் இருக்கும் ரொட்டியை என்னால் வெறும் ரொட்டியாகப் பார்க்க முடியவில்லை.

போர்டு ஆர்ட்டிஸ்ட், மதுரை:
சரிதாம்மா. ஆனால் கதையை முதலில் கேட்டுவிட்டால் கண் சோம்பேறியாகிவிடும். முதலில் ஆணி, பிறகு பாக்கிக் கணக்கு.

சேலத்துக்காரன்:
இன்று வேலை முடிந்ததும் ஓடினேன், மூடுவதற்கு நாற்பது நிமிஷம் இருந்தது. நேரே பால்காரம்மாவிடம். ஆணி தெரிந்தது. ஜன்னலில் ஒரு கண்ணாடி உடைந்திருக்கிறது, அண்ணே, அதை நீங்கள் சொல்லவே இல்லை! பால் நூல் மாதிரிதான் விழுகிறது. எங்கள் ஆயா தயிருக்கு உறை ஊற்றும்போது மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கும், அந்த முகம் இவளுக்கும் இருக்கிறது. குண்டூசித் துளை மட்டும் தெரியவில்லை. குனிந்து தேடினதில் காவலாளி வந்து தள்ளி நிற்கச் சொல்லிவிட்டார்.

போர்டு ஆர்ட்டிஸ்ட், மதுரை:
கண்ணாடி நீங்களே கண்டுபிடிக்கட்டும் என்று விட்டேன். சுவர் அடியில் ஓடு பதித்திருக்கிறதே, அதில் ஒன்றில் வில்லோடு ஒரு மன்மதன் உண்டு, பார்த்தீர்களா?

சேலத்துக்காரன்:
இல்லையே!