சாட்சி நேரத்தில் காரும் வீடும் மட்டும்தானா?

சிவதாபுரம் பட்டறை:
எங்கள் சபையில் அறுப்பின் பண்டிகை முடிந்தது. விளைந்ததைக் காணிக்கையாகக் கொண்டுவந்து வைத்து, அதை ஏலம் விடுகிற பண்டிகை. தேவன் செய்த நன்மையைச் சாட்சியாகச் சொல்ல எழுந்தவர்களில் ஒருவர் புது காருக்கும், இன்னொருவர் சேலம் அஸ்தம்பட்டியில் வாங்கிய வீட்டுக்கும், மற்றொருவர் மகனின் கனடா விசாவுக்கும் ஸ்தோத்திரம் சொன்னார்கள். நன்றி சொல்வதில் தப்பே இல்லை. ஆனால் ஏலத்தில் பூசணிக்காயை ஆயிரக்கணக்கான ரூபாய்க்கு எடுத்தவர் பெயர் மைக்கில் திரும்பத் திரும்ப வந்தது. அதைக் கொண்டுவந்து வைத்த பாட்டியின் பெயர் வரவே இல்லை. 'ஒருவனுக்கு எவ்வளவு திரளான ஆஸ்தி இருந்தாலும் அது அவனுக்கு ஜீவன் அல்ல' என்று லூக்கா 12இல் இயேசு சொன்னதை வாசித்த அதே காலையில்தான் இதுவும் நடந்தது. வாழ்க்கையில் ஜெயிப்பது என்றால் என்ன என்பதை நம் பிள்ளைகள் எதிலிருந்து கற்றுக்கொள்வார்கள்?

ஒண்டிக்கடை ராணி:
அண்ணா, மனசில் பட்டதைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் அம்மா ஏற்காட்டில் காப்பித் தோட்டத்தில் பழம் பறித்தவர். 1820களில் கலெக்டர் காக்பர்ன் காலத்தில் சேர்வராயன் மலைக்குக் காப்பி வந்தது. அன்றிலிருந்து அதில் சம்பாதித்தது யார், பனி ஈரத்தில் இடுப்பில் சாக்கு கட்டிக்கொண்டு நின்றது யார் என்று எங்களுக்குத் தெரியும். தோட்டத் தொழிலாளருக்கு வரிசையாகக் கட்டிக்கொடுத்த, ஒழுகுகிற லைன் வீட்டில் பிறந்தவள் நான். சொந்தமாக ஒரு கான்கிரீட் வீடு கட்டியபோது அம்மா முழங்கால் போட்டு அழுதார். அதை உலகப் பொருள் என்று ஒதுக்கச் சொல்கிறீர்களா? பொருள் பெரிதில்லை என்ற பேச்சு, பொருள் இருப்பவர்கள் வாயிலிருந்துதான் அதிகம் வருகிறது. தன் வீட்டாரை விசாரியாதவன் அவிசுவாசியிலும் கெட்டவன் என்று பவுலே எழுதியிருக்கிறார்.

சிவதாபுரம் பட்டறை:
அந்த வீட்டுக்கு நானும் சேர்ந்து ஸ்தோத்திரம் சொல்வேன்ங்க. என் கேள்வி வேறு. உங்கள் அம்மாவோடு அதே வரிசையில் பழம் பறித்து, அதே மாதிரி ஜெபித்து, இன்னமும் லைன் வீட்டிலேயே இருக்கிற ஒரு அம்மா இருப்பார் இல்லையா? வீடுதான் அளவு என்றால் தேவன் அவரைக் கைவிட்டுவிட்டார் என்று ஆகிறது. வருஷா வருஷம் மைக்கில் அவர் காதில் விழுவது அதுதான்.

நெத்திமேடு தாஸ்:
பிரதர், மத்தேயு 25ஐ எடுங்கள். எஜமான் தன் ஊழியக்காரரிடம் தாலந்து என்ற பணத்தை ஒப்படைத்துவிட்டுப் போகிற உவமை. அஞ்சு தாலந்தைப் பத்தாக்கியவனைத்தான் எஜமான் மெச்சினான். புதைத்து வைத்தவனைத் திட்டினான். வியாபாரம் பெருக வேண்டும் என்பது வேதத்திலேயே இருக்கிறது. லண்டன் மிஷன் என்ற மிஷனரி சங்கம் 1827இல் சேலத்துக்கு வந்து பள்ளிக்கூடம் நடத்தியதே யாரோ சம்பாதித்துக் கொடுத்த காணிக்கையில்தானே?

சிவதாபுரம் பட்டறை:
அதே அதிகாரத்தில் ரெண்டு தாலந்துக்காரனையும் பாருங்கள். அவன் சம்பாதித்தது ரெண்டே ரெண்டு. ஆனாலும் 21ஆம் வசனத்தில் அஞ்சுக்காரனுக்குச் சொன்ன 'உத்தமமும் உண்மையுமுள்ள ஊழியக்காரனே' என்பதை 23ஆம் வசனத்தில் எஜமான் ஓர் எழுத்து மாறாமல் இவனுக்கும் சொல்கிறார். கேட்டது உண்மையைத்தான், தொகையை இல்லை.

எங்கள் கொலுசுத் தொழிலையே சொல்கிறேன். வெள்ளியை உருக்கும்போது செம்பு சேர்க்கத்தான் வேண்டும். கம்பி இழுத்து, வளையம் கோத்து, பத்த வைத்து, மெருகு போட்ட பிறகு அது 80 டச்சா 75 டச்சா, அதாவது நூற்றுக்கு எத்தனை பங்கு வெள்ளி என்று எந்தக் கண்ணாலும் சொல்ல முடியாது. தரம் பார்க்கிற டச் கடையில் கொடுத்துப் பார்த்தால்தான் தெரியும். 80 என்று சொல்லி 75 போட்டால் கிலோவுக்கு 50 கிராம் வெள்ளி மிச்சம். வெள்ளி விலை ஏறுகிற சமயத்தில் அது லேசான தொகையா? அப்படி மிச்சம் பிடித்து மாடி கட்டியவர் சாட்சி சொன்னால் எல்லாரும் அல்லேலூயா சொல்வோம். சொன்ன டச்சைக் கொடுத்துவிட்டு, அதே சின்னப் பட்டறையில் உட்கார்ந்திருப்பவரை யாரும் முன்னால் கூப்பிட மாட்டோம். என்னைக் கேட்டால் அவர்தான் ஜெயித்தவர்.

நெத்திமேடு தாஸ்:
சரி, கள்ளக் கணக்கு தப்புதான், அதில் பேச்சே இல்லை. ஆனால் சொன்ன டச்சைக் கொடுத்தே பெரிய ஆளானவர்களும் இருக்கிறார்கள், பிரதர். நேர்மை என்றாலே சின்னப் பட்டறைதான் என்று காட்டினால் நம் பையன்கள் சபையை விட்டே போய்விடுவார்கள். இயேசுவைச் சந்தித்த வரி வசூலிப்பவர் சகேயு பாதி ஆஸ்தியை ஏழைகளுக்குக் கொடுத்தார் என்றால், கொடுக்க ஆஸ்தி இருந்தது. அந்தப் பக்கத்தையும் சொல்லுங்கள்.

ஒண்டிக்கடை ராணி:
அண்ணே, சகேயுவை எடுத்தால் முழுசாக எடுங்கள். அநியாயமாக வாங்கியதை நாலத்தனையாகத் திருப்பித் தருகிறேன் என்றும் சொன்னார். தோட்டத்தில் கிலோ கணக்கில்தான் கூலி. எடை போடும்போது இலை, ஈரம் என்று கழித்தால் அது அம்மாவின் கூலியில்தான் போகும். 'கூலி கூக்குரலிடுகிறது' என்று யாக்கோபு எழுதியதை நான் சின்ன வயதிலேயே கேட்டுவிட்டேன். வீட்டுக்கு நன்றி சொல்வதை மட்டும் விடமாட்டேன், அதில் பட்டறை அண்ணாவோடு எனக்கு இன்னும் ஒத்துவரவில்லை. அடுத்த பண்டிகைக்கு காருக்குச் சாட்சி சொல்ல வருபவரிடம், டிரைவருக்கு ஞாயிற்றுக்கிழமை லீவு கொடுக்கிறீர்களா என்று ஆயர் ஒரு வார்த்தை கேட்கட்டும்.