ரன்வே தாண்டிப் போன பிளேன்: நீங்க பாத்தது, உங்களுக்கு நடந்தது எழுதுங்க

சுங்கை சிப்புட்காரன்:
டிவில எங்கயோ ஒரு பிளேன் ரன்வே தாண்டிப் போயிருச்சுன்னு காட்டுனா போதும், நம்ம டவுன் ஒட்டுக்கடைல தே தாரிக் ஆறுறதுக்குள்ள தீர்ப்பு வந்துரும், பைலட்டு சரியில்ல, இல்லாட்டி பிரேக் பிடிக்கல, கேஸ் முடிஞ்சது. கேக்கவே மனசு கஷ்டமா இருக்கு. நான் ரொம்ப வருஷம் பிளேன் வீலு, பிரேக்கு கழட்டி மாட்டுற பட்டறைல வேல செஞ்சவன், அந்த விசாரணை எப்படி நடக்கும்னு கிட்ட இருந்து பாத்திருக்கேன். அதனால நானே ஆரம்பிக்கிறேன்.

நல்ல மழைல எறங்குன ஒரு பிளேன் ரன்வே முடிஞ்சு புல்லுக்குள்ள போய் நின்னுச்சு. யாருக்கும் அடி இல்ல. கம்பெனி பேரு வேணாம். வீல் எல்லாம் எங்க பட்டறைக்கு வந்துச்சு ஆனா சீல் வச்சிட்டாங்க, விசாரணை ஆளுங்க வந்து அவங்க கண்ணு முன்னாடிதான் கழட்டணும். பிரேக் தட்டு ஒண்ணொண்ணா அளந்தாங்க, தேய்மானம் எல்லாம் அளவுக்குள்ளதான் இருந்துச்சு, பிரேக் நல்ல பிரேக். அப்புறம் டயர மெதுவா உருட்டிப் பாத்தா ஒரே ஒரு எடத்துல முட்ட வடிவத்துல ரப்பர் இளகிப் பிசுபிசுன்னு இருக்கு. எங்கம்மா பால் மரம் வெட்டுனவங்க, எங்கப்பா தோட்டத்து பேக்டரில ரப்பர் ஷீட்டு அடிச்சவரு, எனக்கு அதப் பாத்ததுமே புகை போடாத பச்ச ஷீட்டு மாதிரிதான் தெரிஞ்சுது.

வந்திருந்த அதிகாரி பொறுமையா சொன்னாரு. நனைஞ்ச ரன்வேல வீல் சுத்தாம சறுக்குனா டயருக்கு அடில மாட்டுற தண்ணி சூட்டுல ஆவியாயிரும், அந்த ஆவி ரப்பர வெந்த நெலைல இருந்து திரும்ப பச்ச ரப்பரா ஆக்கிரும், பிளேன் அந்த ஆவி மேலயே மெதந்து போகும், பைலட்டு பெடல எவ்வளவு மிதிச்சாலும் பெருசா பிரயோசனம் இல்ல. அப்படி நடந்தா ரன்வேல கறுப்புக் கோடு விழாது, கழுவி விட்டாப்ல வெளுத்த கோடு இருக்கும். அந்தக் கோட்ட அவங்க எங்ககிட்ட வர்றதுக்கு முன்னாடியே டேப்பு பிடிச்சு அளந்து போட்டோ எடுத்துட்டாங்க, டயர் வந்தப்புறம் ரெண்டையும் பக்கத்துல வச்சுப் பாத்தாங்க. பிளேன் டயருல நெறைய இருக்கறது மரத்துப் பால் ரப்பர்தான், உள்ள சூடு அதிகம் ஏறாதுன்னு அத விட மாட்டேங்கறாங்க. நம்ம சனங்க வெட்டுன பால்.

எல்பில் தோட்டத்து அக்கா:
தம்பி, நான் திருச்சில இருந்து கேஎல் வரும்போது தர தெரியுது, ரோட்டுல போற காடி எல்லாம் தெரியுது, எறங்கப் போறோம்னு நெனைச்சா திடீர்னு எஞ்சின் சத்தம் போட்டு மேல கெளம்பிருச்சு. உள்ள ஒரே கூச்சல், பக்கத்துல ஒரு பாட்டி முருகா முருகான்னு அழுவுறாங்க. ஒரு சுத்து சுத்தி வந்து எறங்குனோம். வெளிய வந்து ஆளாளுக்கு பைலட்ட திட்டுறாங்க, வேல தெரியாதவன், எண்ணெய் வீணு, பஸ்ஸ விட்டுட்டோம்னு. நானும் பயந்துதான் போயிருந்தேன். அவரு செஞ்சது சரியா தப்பா?

சுங்கை சிப்புட்காரன்:
அக்கா, அந்த பைலட்டு செஞ்சது நூத்துக்கு நூறு சரி. இதத்தான் நான் எல்லார்கிட்டயும் கத்திகிட்டு இருக்கேன். வேகம் கூடவோ ஒசரம் கூடவோ இருந்தா விட்டுட்டு மேல போயிரணும்னுதான் ரூல்.

2010 மே 22, மங்களூர். துபாய்ல இருந்து வந்த ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் 812, போயிங் 737, 166 பேரு இருந்தாங்க, 158 பேரு செத்துட்டாங்க. மலை உச்சிய வெட்டிப் போட்ட ரன்வே, அந்தப் பக்கம் பள்ளத்தாக்கு. குரல் பதிவ கேட்டா கேப்டன் வழில ரொம்ப நேரம் தூங்கிருக்காரு, கொறட்ட சத்தமே அதுல இருக்கு. அன்னிக்கு மங்களூர் ரேடார் வேல செய்யல, அதனால எறக்கம் லேட்டா ஆரம்பிச்சுது, கிட்ட வந்தப்ப ரொம்ப ஒசரத்துல இருந்தாங்க. 8,033 அடி ரன்வேல ஏறக்கொறைய 5,200 அடி தாண்டி டயர் தரைய தொட்டுச்சு. பக்கத்துல இருந்த துணை பைலட்டு, மேல போயிரலாம், மேல போயிரலாம்னு ஒரு தடவைக்கு மேலயே சொன்னாரு. ஆனா கேப்டன் கை எஞ்சின் லீவர்ல இருக்கும்போது அவரு அத புடுங்கல.

இத படிச்சப்ப எனக்கு வயித்த பெசஞ்சுது அக்கா. நம்ம தோட்டத்துல வேல வாங்குற மண்டோருகிட்ட எதுத்துப் பேசுவோமா? அவரு சொல்றது தப்புன்னு தெரிஞ்சாலும் தல குனிஞ்சு நிப்போம், எங்கப்பா அப்படித்தான் நின்னாரு. அந்த துணை பைலட்டு கோழையில்ல, பெரியவங்கள தாண்டிப் பண்ணக் கூடாதுன்னு வளந்த புள்ள. அதனாலதான் விசாரணைல பேச்சு எப்படி போச்சு, யாரு எந்த நேரத்துல என்ன சொன்னாங்கன்னு வரி வரியா எழுதுறாங்க, பயிற்சில அத மாத்தணும்னு.

சாலாக் நோர்த் அண்ணே:
நான் ஏர்போர்ட்ல ராத்திரி காண்டிராக்ட் வேல செஞ்சிருக்கேன், ரன்வே சுரண்டுற வேல. பிளேன் தொடுற எடத்துல டயர் ரப்பர் ஒட்டி ஒட்டி கறுப்பா படிஞ்சிரும், மழைல அது எண்ணெய் ஊத்துனாப்ல வழுக்கும், அத ரொம்ப பிரஷர் தண்ணியால அடிச்சு எடுக்கணும். கடைசி பிளேன் போனதுக்கப்புறம் ஆரம்பிச்சு மொத பிளேன் வர்றதுக்குள்ள முடிக்கணும், தூக்கம் கண்ண கட்டும். ஒரு தடவ விசாரணை ஆளுங்க வந்து எங்க வேல லாக் புக்க மொத்தமா எடுத்துட்டுப் போனாங்க, எந்த ராத்திரி எத்தன மீட்டர் சுரண்டுனோம், வழுக்கல் அளக்குற வண்டி என்ன நம்பர் காட்டுச்சு எல்லாம். அன்னிக்குத்தான் என் கையெழுத்துக்கு இவ்வளவு மதிப்பு இருக்குன்னு நெஞ்சு நிமிந்துச்சு.

ரன்வேல குறுக்க கோடு கோடா வெட்டிருப்பாங்க பாருங்க, 6 மில்லி அகலம் 6 மில்லி ஆழம், தண்ணி வடியத்தான். 2007 ஜூலை 17 பிரேசில் காங்கோன்யாஸ் ஏர்போர்ட்ல புதுசா தார் போட்ட ரன்வேல அந்தக் கோடு இன்னும் வெட்டல. மழை வேற. அங்க எறங்குன ஏர்பஸ் பிளேன்ல, எஞ்சின் காத்த முன்னால திருப்பி வேகத்த கொறைக்கிற ரிவர்ஸ் ஒரு பக்கம் ஏற்கனவே அடைச்சு வச்சது, அந்த எஞ்சின் லீவர் கீழ வரல, அதனால வேகத்த கொறைக்க றெக்க மேல எந்திரிக்க வேண்டிய தகடு எந்திரிக்கல, பிளேன் ரன்வே தாண்டிப் போய் மோதிருச்சு. தரைல இருந்தவங்களையும் சேத்து 199 உயிர்.

லிந்தாங் தம்பி:
அங்கிள், அப்ப தப்பு பண்ணவன யாரும் ஜெயில்ல போட மாட்டாங்களா? தென் கொரியா முவான் ஏர்போர்ட் விபத்து வீடியோ பாத்து எனக்கு ரெண்டு ராத்திரி தூக்கமே இல்ல.

சுங்கை சிப்புட்காரன்:
தம்பி, ஜெயில் போலீஸ் வேல. ஐசிஏஓன்னு ஐ.நா.வோட விமான அமைப்பு, அதோட 13வது இணைப்புல தெளிவா எழுதிருக்கு, விபத்து விசாரணையோட ஒரே நோக்கம் இன்னொன்னு நடக்காம தடுக்கறது, பழி சுமத்தறது இல்ல. அப்படி இல்லனா யாரு வாயத் தொறந்து உண்மைய சொல்லுவா, அந்த லாக் புக்க அண்ணே மனசோட குடுத்திருப்பாரா? நம்ம நாட்டுல போக்குவரத்து அமைச்சுக்கு கீழ இதுக்குன்னே ஒரு பிரிவு இருக்கு. 30 நாள்ல மொத அறிக்க, முடிஞ்சா 12 மாசத்துல கடைசி அறிக்க. கேரளா கோழிக்கோட்டுல 2020 ஆகஸ்ட் 7 பிளேன் ரன்வே தாண்டிப் போனதுக்கு 2021 செப்டம்பர்லதான் அறிக்க வந்துச்சு. அதுல பாரு, மழைல கேப்டன் பக்க வைப்பர் நின்னு போச்சு, பின்னாடி இருந்து காத்து தள்ளுது, 8,858 அடில 4,438 அடி தாண்டித்தான் தொட்டாங்க. 190 பேருல 21 பேரு போயிட்டாங்க, ரெண்டு பைலட்டும் சேத்து.

முவான்ல 2024 டிசம்பர் 29, 181 பேருல 179 பேரு போயிட்டாங்க. ரெண்டு எஞ்சின்லயும் வாத்து எறகு கெடைச்சுது, கறுப்புப் பெட்டி ரெண்டும் கடைசி 4 நிமிஷம் கிட்ட பதிவாகவே இல்ல. வயித்தால சறுக்கி வந்த பிளேன் ரன்வேக்கு அப்பால ஆண்டெனா நிக்கிற கான்கிரீட் மேட்டுல மோதுச்சு. ரன்வே பட்டைக்கு அப்பால காலி எடம் குறைஞ்சது 90 மீட்டர், 240 மீட்டர் இருந்தா நல்லதுன்னு ஐசிஏஓ சொல்லுது, அந்தக் காலி எடத்துல வேற வழியில்லாம நிக்க வேண்டிய சாமான் மோதுனா ஒடையிற மாதிரி இருக்கணும். மேட்ட யாரு கட்டுனா, எப்ப மாத்துனாங்க, படம் யாரு ஒப்புக்கிட்டா, அதெல்லாம் அந்த பிளேன் வர்றதுக்கு ரொம்ப வருஷம் முன்னாடி போட்ட கையெழுத்தாக்கூட இருக்கலாம் தம்பி, விசாரணை அது வரைக்கும் போகணும்.

எல்பில் தோட்டத்து அக்கா:
அந்த பைலட்டுக்கு அன்னிக்கு ஒரு நன்றி சொல்லாம வந்துட்டோமேன்னு இருக்கு. சாலாக் அண்ணே, ராத்திரி வேல கத இன்னும் இருந்தா எழுதுங்க.